“நீங்க எந்தத் தெரு?”: படிப்பகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். நான் அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் வருகிறார்கள். ஊர்த்தெருவிலிருந்தும் வருகிறார்கள், காலனியிலிருந்தும் வருகிறார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்தும் வருகிறார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்பவர்களைவிட, “இந்தப் பிள்ளைகளை எல்லாம் எப்படி ஒண்ணா உட்கார வைக்கிறீங்க?” என்று கேட்பவர்கள் அதிகம். பெற்றோர் கேட்கிறார்கள், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் கேட்கிறார்கள், காலேஜ் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, என் பதிலை எழுதியிருக்கிறேன்.

“எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்குறதுல என்ன தப்பு டீச்சர்? சும்மா பேச்சுக்குத்தானே கேக்குறோம்?”

சும்மா பேச்சுக்கு என்றால் ஊரோடு நின்றுவிடும். நம் பக்கம் அது நிற்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் “எந்த ஊரு?” என்பார். ஊரைச் சொன்னால் “அங்க எந்தத் தெரு?” தெருவைச் சொல்லத் தயங்கினால் “யாரு வீட்டுப் பிள்ளை?” அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் “கொலசாமி எது?” இந்த நான்கும் ஒரே கேள்விதான் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் வந்ததும் கேட்டவர் முகத்தைப் பாருங்கள். “அட, நம்மாளு!” என்று மலரும். இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு வருடம் கட்டுரைப் போட்டியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முதல் பரிசு வாங்கினாள். அவளுடைய அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவர். பாறை வந்ததும் அப்பா எப்படிக் காதை வைத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்பார் என்று எழுதியிருந்தாள். இத்தனை வருடத்தில் நான் திருத்திய கட்டுரைகளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பரிசு கொடுக்க வந்த விருந்தினர் மைக்கில் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தெரு பாப்பா?” அவள் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொன்னாள். பொய் என்று எனக்குத் தெரியும். வலதுகால் பெருவிரலால் சிமெண்ட் தரையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். கட்டுரை எதைப் பற்றி என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை.

அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எனக்கு மனசு நிறைந்த நாள் அது. ஆனாலும் மேலே நானே அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஏட்டிலிருந்து போன பிறகும் வாயில் கொஞ்ச காலம் இருக்கத்தான் செய்யும்.

கேட்கத்தான் வேண்டும் என்றால் பெயரைக் கேளுங்கள். என்ன படிக்கிறாய், எது நன்றாக வரும் என்று கேளுங்கள். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. பிள்ளைகளை அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோது அந்த ஓடுகளின் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். அந்தக் காலத்துச் சமூகம் எப்படி இருந்தது என்பது பெரிய ஆராய்ச்சி, அதற்குள் நான் போகவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் ‘இது என் பானை’ என்று தன் பெயரை எழுதிவைத்தது இன்றைக்கும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பெயர் எந்தத் தெருவில் இருந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை.

“படிச்சா சாதி போயிரும்னு சொல்லுவாங்க. படிச்சவங்கதானே இன்னிக்கு ரொம்பப் பாக்குறாங்க?”

உண்மைதான். டாக்டரும் இன்ஜினியரும் வரன் தேடும்போது முதலில் எந்தக் கட்டத்தை நிரப்புகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பையன்கள் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். எந்தக் கலர் எந்த ஆளுக என்று மூன்றாவது பெஞ்சுப் பையனுக்குத் தெரியும், வாத்தியாருக்குத்தான் கடைசியில் தெரியவரும். 2023 ஆகஸ்டில் நெல்லைப் பக்கம் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, பள்ளியில் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களைத் தடைசெய்யச் சொன்னது, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது.

தடை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் கயிறு கட்டிய பையன்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். “யாருப்பா கட்டிவிட்டது?” என்றால் “அண்ணன் கட்டுனாரு டீச்சர்” என்பான். அந்த ‘அண்ணன்’ அவனுக்குச் சொந்த அண்ணன் இல்லை. டீ வாங்கிக் கொடுப்பார், பைக்கில் ஏற்றுவார், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பதினைந்து வயதில் ஒரு கூட்டத்தில் தனக்கு இடம் வேண்டும் என்று எந்தப் பையன்தான் ஏங்க மாட்டான்? அந்த இடத்தைப் பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை, அண்ணன் கொடுத்துவிட்டார். கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது, வேறொரு கூட்டத்தில் அவனைச் சேர்க்க வேண்டும். எங்கள் படிப்பகத்தில் கபடிக்குச் சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் ஆள் பிரிப்போம். தெருவுக்கு ஒரு டீம் என்றால் ஆட்டம் அடிதடியில் முடியும். சீட்டில் வந்த டீமில் ஒருத்தன் இன்னொருத்தன் கையைக் கோத்துப் பிடித்தால்தான் ரைடு வருகிறவனைப் பிடிக்க முடியும்.

படிப்பு என்று நான் சொல்வது மார்க்கை அல்ல. கேட்டதை நம்பாமல் சோதித்துப் பார்க்கிற பழக்கத்தைச் சொல்கிறேன். இதற்காகவே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். “அவங்க எல்லாரும்…” என்று தொடங்கி, வீட்டிலோ டீக்கடையிலோ காதில் விழுந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் எழுத வேண்டும். அந்த வாக்கியத்துக்குப் பொருந்தாத ஒரே ஒரு ஆளை, பெயர் தெரிந்த ஆளை, ஒரு வாரத்தில் கண்டுபிடித்து வர வேண்டும். ஒரு பையன் “அந்தத் தெருவுல எல்லாரும் குடிகாரங்க” என்று எழுதினான். அடுத்த வாரம் வந்து, “அங்க குடிக்காதவங்க பதினோரு பேரு டீச்சர். எங்க தெருவுல எண்ணுனேன், நாலு பேருதான்” என்றான். அவன் குரல் கம்மியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு உட்கார்ந்தான்.

“நம்ம மதுரையில இதெல்லாம் மாறியிருக்கா, இல்ல பேச்சுதானா?”

மாறியிருக்கிறது. எளிதாக மாறவில்லை, தானாகவும் மாறவில்லை.

1939 ஜூலை 8-ஆம் தேதி வக்கீல் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர்களைக் கூட்டிக்கொண்டு மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். கூடப் போனவர்களில் ஒருவர் கக்கன். நம் மேலூருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரர். அதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்த அந்த இளைஞர்தான் பின்னால் மாநிலத்தின் உள்துறை அமைச்சர் ஆனார். ஐயருக்கு அவர் சாதிக்குள்ளேயே எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பிறந்த இடம் ஒன்று, நின்ற இடம் வேறு. ஒரு மனிதரைப் பிறப்பை வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அந்த இரண்டு பேருமே சாட்சி.

அதே மேலூர்ப் பக்கத்தில்தான் 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு என்று ஒதுக்கியதைப் பொறுக்க முடியவில்லை, அதுதான் காரணம். இதைச் சொல்லாமல் 1939-ஐ மட்டும் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலை முறையாக நடத்த விடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. அன்றைக்கு மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். உத்தப்புரத்தில் 1989-ல் தாழ்த்தப்பட்ட மக்களின் தெருவுக்கும் மற்றவர்கள் தெருவுக்கும் நடுவில் கட்டிய சுவரில் 2008 மே 6 அன்று ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். 2011-ல் இரு தரப்பும் உடன்பட்டு, அந்த ஊர் முத்தாலம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் போனார்கள். ஒரு சுவர் பத்தொன்பது வருடம் நின்றது, கதவு திறக்க இன்னும் மூன்று வருடம் ஆனது. மாற்றம் என்றால் நம் பக்கம் இந்த வேகம்தான். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். எனக்கு நம்பிக்கைதான் வருகிறது. பத்து வருடம் முடியாது என்று சொன்ன ஊரில் பதினோராவது வருடம் முடிந்திருக்கிறது.

“எங்க தாத்தன் காலத்துல எங்களையும்தான் குற்றப்பரம்பரைன்னு முத்திரை குத்துனாங்க. அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்களே?”

பேச வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்து அப்பா ஒருவர். கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். நம் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். தப்பு செய்தவனைப் பிடிக்கிற சட்டம் இல்லை அது. அந்தச் சட்டத்தில் பெயர் சேர்த்த குடியில் பிறந்த காரணத்துக்காகவே கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொல்கிற இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பலர் செத்தார்கள். 1947-ல்தான் அந்தச் சட்டம் நம் மாகாணத்தில் ஒழிந்தது. அந்தக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி அந்தப் பள்ளிகளில் படித்து வந்தவர்தான்.

அந்த அப்பாவிடம் நான் கேட்டது இதுதான்: “உங்க தாத்தா எந்தத் தப்பும் பண்ணாதவர். பிறப்பை வச்சு அவரைத் திருடன்னு எழுதிட்டாங்க. அது உங்களுக்கு இன்னிக்கும் வலிக்குது இல்லையா? அதே மாதிரி ஒரு முத்திரையை அடுத்த தெருப் பையன் மேல நாம குத்தலாமா?” அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பெண்ணைப் படிப்பகத்திலிருந்து நிறுத்தவும் இல்லை.

“சேர்ந்து சாப்பிட்டா எல்லாம் சரியாயிருமா?”

எல்லாம் சரியாகாது. ஆனால் சேர்ந்து சாப்பிடாமல் எதுவும் தொடங்காது.

காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய காலை உணவு வரை எல்லாவற்றிலும் பசியைப் பற்றித்தான் பேசுகிறோம். பந்தியைப் பற்றிப் பேசுவதில்லை. வரிசையில் முன்னால் யார், பின்னால் யார் என்று தெரு பார்க்காமல் ஒரே சட்டியிலிருந்து தட்டில் விழுகிற சோறு அது. சமைக்கிறவர் இன்ன சாதி என்று பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சட்டி எவ்வளவு பெரிய காரியம் செய்கிறது என்று அதிலிருந்தே தெரியவில்லையா?

எங்கள் படிப்பகத்தில் ஒரு மண்பானை வைத்தோம். ஒரே செம்பு. அண்ணாந்து குடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் கண்டிக்கவில்லை. சித்திரை வந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயில் தெரியும்தானே? பாட்டில் தண்ணீர் கையில் தொட முடியாமல் சுட்டது. பானைக்கு அடியில் மணல் பரப்பி, மேலே ஈரத்துணி சுற்றியிருந்தோம். ஒரு பையன் நைசாக எழுந்துபோய் ஒரு செம்பு குடித்தான். அவன் தொண்டையில் அது இறங்குகிற சத்தம் அடுத்தவனுக்குக் கேட்டிருக்கும் போல. கோடை முடிவதற்குள் பாட்டில் கொண்டுவருகிறவர்கள் இரண்டு பேராகிவிட்டார்கள். அந்த இரண்டில் ஒன்று இன்றும் வருகிறது. வரட்டும்.

“தனித்தன்மை, தனித்தன்மைங்கிறீங்க. பிள்ளைகளை இஷ்டத்துக்கு விட்டுர்றதா?”

இல்லை. திருடினால் கண்டிக்க வேண்டும், அடுத்தவரை அடித்தால் தடுக்க வேண்டும். யாருக்கும் கெடுதல் செய்யாமல், மற்றவர்களிலிருந்து கொஞ்சம் வேறாக இருக்கிற ஒன்றை ஏன் ஒடிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இடதுகைப் பழக்கம். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் இடதுகையால் ‘அ’ எழுதினேன். வாத்தியார் மர ஸ்கேலின் விளிம்பால் விரல் மொளியில் அடித்தார். வீட்டில் அம்மா, சோற்றுக்கு அந்தக் கை போனதென்று முந்தானையால் இடது மணிக்கட்டைக் கட்டிவைத்தார். இருவரும் என் மேல் பாசமாக இருந்தவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வலதுகையால் எழுதப் பழகினேன். ஆனால் மூன்றாம் வகுப்பு வரை எழுத்து தலைகீழாக வரும், ‘மக்கு’ என்று பெயர் வாங்கினேன். ஆசிரியராகி முதல் நாள் கரும்பலகையின் முன் சாக்பீஸை எடுத்தபோது, எந்தக் கைக்கு அது தானாகப் போனது என்று நினைக்கிறீர்கள்? வகுப்பில் ஒரு பெண் “டீச்சரும் பீச்சாங்கை!” என்றாள். அவள் சிரித்த சிரிப்பு கேலிச் சிரிப்பு இல்லை. அவளும் இடதுகைக்காரி. அவளுக்கு அன்றைக்கு வகுப்பில் ஒரு சொந்தம் கிடைத்தது.

ஒரு கைக்கே இந்தப் பாடு என்றால், உடம்பும் மனசும் வேறு மாதிரி அமைந்த பிள்ளைகளின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

“என் பையன் பொம்பளப் பிள்ளை மாதிரி நடக்குறான், பேசுறான். டாக்டர்கிட்ட காட்டணுமா, மந்திரிக்கணுமா?”

திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா போனில் அழுதுகொண்டே கேட்டார். அம்மா, மந்திரிக்க வேண்டாம். முதலில் அவனைப் பள்ளியில் யாராவது ‘ஒன்பது’ என்று கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் பிள்ளை துவண்டுபோவது தன்னால் இல்லை, அந்தச் சொல்லால்தான். அவன் வளர்ந்து யாராக இருப்பான் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் உங்கள் பிள்ளைதான்.

நம் மதுரையில் பிறந்தவர் நர்த்தகி நடராஜ். சிறு வயதிலேயே தன் பெண்மைக்காக ஒதுக்கப்பட்டு வீட்டை விட்டுப் போனவர். தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் வருடக்கணக்கில் பரதம் கற்றார். 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை. அவரைப் போல எல்லாப் பிள்ளைகளும் விருது வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விருது வாங்காத பிள்ளைக்கும் வீடு வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் வந்திருக்கிறது. திருநங்கைகள், திருநம்பிகளின் உரிமையை உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதிசெய்தது. 2019 ஏப்ரலில் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஒரு ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட கல்யாணம் செல்லும் என்றது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் ஆபரேஷன் செய்யக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. அந்த வருடமே தமிழக அரசு அதற்கு ஆணை போட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று யாராவது வைத்தியம் சொன்னால் ஏமாறாதீர்கள். அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்குப் போய், பாதுகாப்பு கேட்டு உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன் மனசிலேயே முன்முடிவுகள் இருப்பதை மறைக்காமல் சொன்னார். ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். நீதிபதி நாற்காலியில் இருப்பவர் “எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொண்டு வருகிறேன்” என்றார். நாமும் சொல்லலாமே. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அழுகை நின்றது. “அவன் கோலம் நல்லாப் போடுவான் டீச்சர்” என்றார்.

“என் பொண்ணு எழுத்துக் கூட்டியே படிக்குது. சோம்பேறித்தனமா?”

சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லி, எழுதும்போது மட்டும் திணறினால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. மருத்துவச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் சீக்கிரம் காட்டுங்கள்.

திக்கிப் பேசும் பிள்ளை என்றால், அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அவ்வளவுதான்.

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்த விரல்களைப் பழக்கித்தான் கண்ணில் கத்தி வைத்தார். அவர் விரலை மட்டும் பார்த்து யாராவது ‘இவருக்கு வராது’ என்று எழுதியிருந்தால் எத்தனை லட்சம் பேருக்குப் பார்வை போயிருக்கும்!

“கறுப்பா இருக்கேன்னு கேலி பண்றாங்க, டீச்சர்.”

இது பிள்ளைகளே கேட்பது. கேலி செய்பவன் பெயரைச் சொல்லு, நான் பேசுகிறேன் என்பேன். அப்புறம் வீட்டில் அம்மாவைக் கூப்பிட்டு, சிவப்பாக்கும் கிரீமை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்வேன். பிள்ளைக்கு முதல் கேலி பெரும்பாலும் அந்த டியூபிலிருந்துதான் கிடைக்கிறது.

“வாத்தியாரே சாதி பாத்தா எங்க போறது?”

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான எண் 1098. அடிப்பதும் மனசு நோகப் பேசுவதும் 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி தடை. கழிப்பறை கழுவச் சொல்வது, தனியாக உட்கார வைப்பது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது எல்லாம் நடந்தால், தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவே ஒழித்திருக்கிறது. பயப்படாதீர்கள். பிள்ளை பொய் சொல்கிறது என்று மட்டும் தொடங்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உதவித்தொகைக் கணக்குக்காக வகுப்பில் “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க” என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நானே வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லியிருக்கிறேன். எழுந்து நின்ற பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பட்டியல் ஆபீஸ் ரூமில் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள்.

“டி.சி.-யில சாதி போடாம வாங்க முடியுமா?”

முடியும். பெற்றோர் விருப்பப்பட்டால் சாதி, மதம் ஆகிய கட்டங்களைக் காலியாக விடலாம் என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது. இடஒதுக்கீட்டுக்குத் தாசில்தார் தரும் சாதிச் சான்றிதழ் வேறு, அது உரிமை. இரண்டையும் குழப்பி உரிமையை விட்டுவிடாதீர்கள்.

“எங்க அப்பத்தா மாறவே மாட்டாங்க. கூட்டாளியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியல. என்ன பண்ண?”

அப்பத்தாவோடு சண்டை போடாதே. அவருக்கு எழுபது வருடம் சொல்லிக்கொடுத்ததை நீ ஒரு சாயங்காலத்தில் அழிக்க முடியாது.

எங்கள் படிப்பகப் பையன் ஒருவன் செய்ததைச் சொல்கிறேன். அவன் கூட்டாளி வந்தால் அப்பத்தா திண்ணையிலேயே உட்கார வைத்து, பேரனுக்கு எவர்சில்வர் டம்ளரிலும் கூட்டாளிக்குப் பிளாஸ்டிக் டம்ளரிலும் தண்ணீர் கொடுப்பாராம். பையன் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எவர்சில்வர் டம்ளரைக் கூட்டாளி கையில் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் டம்ளரை இவன் எடுத்துக் குடித்தான். அப்பத்தா முறைத்தார், திட்டினார், ஒரு வாரம் பேசவில்லை. இப்போது இரண்டு பேருக்கும் பிளாஸ்டிக் டம்ளர் வருகிறதாம். எவர்சில்வர் இன்னும் வரவில்லை. கூட்டாளியை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

“படிப்பகத்துக்கு எந்த நேரம் வரணும்? என்ன கொண்டுவரணும்?”

திங்கள் முதல் வெள்ளி வரை, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை. பணம் வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் பெயர், வகுப்பு, பிடித்த விஷயம் என்று மூன்று கட்டம்தான். நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். தண்ணீர்ப் பாட்டில் வேண்டாம், பானை இருக்கிறது.